200 மீட்டர் ஆழம் தாங்கும் வாட்ச்... அம்மாவின் கேன்டீன் அண்டாவைத் தாங்குமா?

"அக்கா, மணி இன்னா ஆச்சு?"

அம்மா வேலை செய்யும் கேன்டீனில், பாத்திரம் கழுவும் இடத்தில், ஒரு ஷிஃப்ட்டுக்குள் இந்தக் கேள்வி இருபது தடவையாவது வந்துவிடும். கேட்பவர்கள் அம்மாவோடு நின்று பாத்திரம் கழுவும் நான்கு பெண்கள். செல்போனை உள்ளே நுழையும்போதே லாக்கரில் வைத்துவிட வேண்டும். சுவர்க்கடிகாரம் சாப்பாட்டு ஹாலில் இருக்கிறது. கழுவும் இடத்திலிருந்து தெரியாது. ஐந்து பேரில் கையில் வாட்ச் கட்டியிருந்தது அம்மா மட்டும்தான்.

அந்த வாட்ச்சை வாங்கிக் கொடுத்தது நான். என் முதல் மாதச் சம்பளத்தில். மெல்லிய தங்க நிறச் சங்கிலி, சின்ன வெள்ளை டயல். பின்பக்க மூடியில் 'வாட்டர் ரெசிஸ்டன்ட் 30 மீட்டர்' என்று பொறித்திருந்தது. "30 மீட்டர்மா... நம்ம ஊர்க் கிணத்துல போட்டாக்கூட ஒண்ணும் ஆகாது" என்று பெருமையாகச் சொல்லித்தான் கட்டிவிட்டேன்.

ஏழே மாதம். கண்ணாடிக்குள் முதலில் ஆவி படிந்தது. அம்மா அரிசி டப்பாவுக்குள் ஒரு ராத்திரி வைத்து எடுத்தார். சரியானது மாதிரி இருந்தது. அப்புறம் மறுபடியும் ஆவி. இந்த வருடம் ஜனவரியில் ஒருநாள், வேலையெல்லாம் முடியும் நேரத்தில், கையைத் துடைத்துக்கொண்டு கண்ணாடியைப் பார்த்திருக்கிறார். மணி 2.25. "இன்னும் நேரம் இருக்குதுடி, இந்த ரெண்டு அண்டாவையும் முடிச்சிட்டே போயிடலாம்" என்று மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறார்.

உண்மையில் அப்போது மணி 2.50. கம்பெனி பஸ் சரியாக 3 மணிக்குக் கிளம்பிவிடும். ஐந்து பேரும் உடை மாற்றிக்கொண்டு வந்தபோது பஸ் போயிருந்தது.

எங்கள் ஊர் குத்தம்பாக்கம். பூந்தமல்லியைத் தாண்டி, திருமழிசைக்குப் பக்கத்தில், பெங்களூரு நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே வர வேண்டும். வயலும் ஏரியுமாக இருந்த ஊர். புதிய பஸ் நிலையம் கட்ட ஆரம்பித்த பிறகுதான் சிட்டியில் இருப்பவர்களுக்கு ஊர்ப் பெயர் தெரிகிறது. ஆனால், எங்கள் ஊர்ப் பெண்களுக்குப் பல வருடங்களாகவே பஸ் என்றால் கம்பெனி பஸ்தான். இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போகும் பஸ்கள் விடியற்காலையிலேயே நெடுஞ்சாலையில் வந்து நிற்கும். அதைத் தவறவிட்டால் ஷேர் ஆட்டோ பிடித்து, மாறி மாறித்தான் வர வேண்டும்.

அன்று அந்த ஐவரில் ஒருவரின் மகள், ஒன்றாம் வகுப்புக் குழந்தை, பள்ளி விட்டு ஐம்பது நிமிடம் கேட்டுக்குப் பக்கத்தில் தனியாக நின்றிருக்கிறாள். ஒன்றும் ஆகவில்லை. பக்கத்துக் கடைக்காரம்மா பார்த்துக்கொண்டார். ஆனால், அம்மா அன்று ராத்திரி சாப்பிடவில்லை. "என் வாட்ச்ச நம்பித்தானே நின்னாங்க" என்று மட்டும் சொன்னார்.

என் வாட்ச் என்றுதான் சொன்னார். நீ வாங்கிக் கொடுத்த வாட்ச் என்று சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் உறுத்தியது.

30 மீட்டர் என்றால் 30 மீட்டர் இல்லை!

ஜூன் மாதம். தந்தையர் தினத்துக்கு 'அப்பாவுக்குப் பரிசளிக்க உறுதியான டைவ் வாட்ச்கள்' என்று ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். நான் டிஜிட்டல் டெஸ்க்கில் இருக்கிறேன். ஒரு நாளைக்கு இப்படி நான்கு கட்டுரை எழுதுவோம். ஆனால், இதற்காகப் படிக்க உட்கார்ந்தபோது முதல் பத்து நிமிடத்திலேயே என் முகம் சிவந்துவிட்டது.

வாட்ச்சில் போட்டிருக்கும் மீட்டர் கணக்கு, அதைக் கட்டிக்கொண்டு எவ்வளவு ஆழம் போகலாம் என்பதல்ல. தண்ணீருக்குள் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் சுமார் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 30 மீட்டர் என்றால், மூன்று வளிமண்டல அழுத்தத்தைச் சோதனைக் கூடத்தில், புது வாட்ச்சாக, அசையாமல் இருந்தபோது தாங்கியது என்று பொருள். நடைமுறையில் அது மழைத் தூறலுக்கும் கை கழுவும்போது தெறிக்கும் தண்ணீருக்கும்தான். 50 மீட்டர் என்றால் கொஞ்ச நேரம் நீந்தலாம். 100 மீட்டர் என்றால் தாராளமாக நீந்தலாம். 200 மீட்டரும் அதற்கு மேலும் என்றால்தான் சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குபவர்களுக்கு.

ஏழு மாதம், தினமும் பல மணி நேரம் தண்ணீருக்குள் இருந்த ஒரு கையில், மழைத் தூறலுக்கான வாட்ச்சைக் கட்டிவிட்டிருக்கிறேன்.

டைவ் வாட்ச்சுக்கென்று ஒரு சர்வதேசத் தர அளவுகோல் இருக்கிறது: ஐ.எஸ்.ஓ 6425. குறைந்தது 100 மீட்டர் தாங்க வேண்டும். அதுவும் குறிப்பிட்ட ஆழத்தைவிட 25 சதவிகிதம் கூடுதல் அழுத்தத்தில் சோதிக்க வேண்டும். மாதிரிக்கு நாலை எடுத்துச் சோதித்தால் போதாது; ஒவ்வொரு வாட்ச்சையும் சோதிக்க வேண்டும். இருட்டில் 25 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து மணி தெரிய வேண்டும். 24 மணி நேரம் உப்புத் தண்ணீரில் கிடந்து துரு பிடிக்காமல் இருக்க வேண்டும். இத்தனையும் பாஸ் செய்தால்தான் டயலில் 'டைவர்ஸ் வாட்ச்' என்று ஆழத்தோடு சேர்த்து அச்சிடலாம். வெறுமனே '200 மீட்டர்' என்று மட்டும் போட்டிருந்தால், அது நல்ல வாட்ச்சாக இருக்கலாம். ஆனால் இந்தச் சோதனையைத் தாண்டியது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

கட்டுரைக்குப் படம் தேடினேன். எல்லாப் படங்களிலும் கறுப்பு உடை போட்ட ஆண்கள், நீலக் கடலுக்குள். 'அப்பாவுக்கு' என்று தலைப்பை டைப் செய்தபோது விரல் நின்றுவிட்டது. எங்கள் வீட்டில் தினமும் தண்ணீருக்குள் கை வைத்திருப்பது யார்?

அப்பாவிடம் ஒரு வாட்ச் இருக்கிறது. கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குத் தாத்தா போட்ட ஹெச்.எம்.டி. தினமும் சாவி கொடுக்க வேண்டிய வாட்ச். 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து பெங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையின் வாட்ச். 'இருபத்தஞ்சு வருஷமா ஓடுது' என்று அப்பா சொல்வார். ஓடாமல் என்ன செய்யும்? அது பீரோவுக்குள்ளேயேதான் இருக்கிறது. மாப்பிள்ளைக்கு வாட்ச் போடுவது நம் ஊரில் வழக்கம். பெண்ணுக்கு நேரம் பார்க்கும் வேலை இல்லை என்று நினைத்தார்களோ என்னவோ!

நீச்சல்காரி கழுத்தில் தொங்கிய வாட்ச்

தண்ணீர் புகாத வாட்ச்சை உலகத்துக்கு நம்பவைத்ததே ஒரு பெண்தான். அவர் பெயர் மெர்சிடிஸ் கிளைட்ஸ். லண்டனில் டைப்பிஸ்ட் வேலை பார்த்தவர். 1927 அக்டோபர் 7-ம் தேதி ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார். அதன் பிறகு வேறொரு பெண்ணும் கடந்துவிட்டதாகச் சொல்லி, அது பொய் என்று தெரியவர, கிளைட்ஸ் நீந்தியதையும் சந்தேகப்பட்டார்கள். 'சரி, மறுபடி நீந்துகிறேன்' என்று அக்டோபர் 21-ம் தேதி கொட்டும் குளிரில் இறங்கினார். அப்போது ரோலக்ஸ் நிறுவனம் கொடுத்த ஆய்ஸ்டர் வாட்ச் அவர் கழுத்தில் தொங்கியது. பத்து மணி நேரத்துக்கும் மேல் நீந்திய பிறகு, குளிர் தாங்காமல் கரை சேரும் முன்பே அவரைப் படகில் ஏற்ற வேண்டியதாயிற்று. ஆனால், வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த மாதம் லண்டன் பத்திரிகையில் முதல் பக்கம் முழுக்க அதற்கு விளம்பரம்.

நம் ஊரில் தூத்துக்குடிப் பக்கம் முத்துக் குளித்தவர்களிடம் வாட்ச் எதுவும் கிடையாது. கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குவார்கள். மூச்சு முட்டும்போது கயிற்றை அசைப்பார்கள். மேலே படகில் இருப்பவர் இழுக்க வேண்டும். அந்தக் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள் என்று சொல்வது உண்டு. அக்கா, தங்கச்சி தாலிக்காகவாவது அவன் கவனமாக இழுப்பான் அல்லவா!

கேன்டீனில் அந்த நான்கு பெண்களும் தங்கள் கயிற்றை அம்மா மணிக்கட்டில்தான் கட்டியிருந்தார்கள்.

குக்கர் கேஸ்கெட் கதைதான்

நின்றுபோன வாட்ச்சை எடுத்துக்கொண்டு பூந்தமல்லியில் ஒரு வாட்ச் ரிப்பேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் எங்கள் அப்பா வயது. மூடியைத் திறந்து, கண்ணில் லென்ஸை மாட்டி, ஒரே பார்வை. உள்ளே பழுப்பாகத் துரு.

"யாரு போட்டது?"

"அம்மாண்ணே. கேன்டீன்ல பாத்திரம் கழுவுறாங்க."

"சுடுதண்ணியா?"

"எண்ணெய்ப் பாத்திரத்துக்குச் சுடுதண்ணிதான். கூடவே சோப்பும்."

அவர் சிரித்தார். "வீட்ல குக்கர் கேஸ்கெட் எத்தனை வருஷம் வருது? அதே ரப்பர்தான்மா இதுவும்."

அதன் பிறகு அவர் சொன்னது எந்தக் கட்டுரையிலும் எனக்கு இவ்வளவு சுலபமாகக் கிடைக்கவில்லை. வாட்ச்சின் மூடி, கண்ணாடி, சாவி என மூன்று இடத்திலும் மெல்லிய ரப்பர் வளையம் இருக்கும். தண்ணீரைத் தடுப்பது அதுதான். வெந்நீரும் சோப்பும் அதைச் சீக்கிரம் கெடுத்துவிடும். அதுவும் சூடான வாட்ச்சைச் சட்டென்று பச்சைத் தண்ணீரில் விட்டால், உள்ளே இருக்கும் காற்று சுருங்கி ஈரத்தை உள்ளிழுக்கும். பேட்டரி மாற்றும்போது அந்த வளையத்தையும் சேர்த்து மாற்றி, பிரஷர் டெஸ்ட் செய்து வாங்க வேண்டும். பலர் பேட்டரியை மட்டும் மாற்றிக்கொண்டு போய்விடுவதால், அதுவரை தண்ணீர் போகாத வாட்ச்சிலும் அதற்குப் பிறகு போக ஆரம்பிக்கும்.

"அப்ப டைவ் வாட்ச் வாங்கினா தாங்குமாண்ணே?"

"இதைவிட நல்லா தாங்கும். சாவி திருகு மாதிரி இறுகுற மாடலா பாரு. ஆனா சுடுதண்ணிக்கு எந்தக் கம்பெனிக்காரனும் கேரன்ட்டி குடுக்க மாட்டான்."

வீட்டுக்கு வந்து பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். அந்த ஐ.எஸ்.ஓ தரத்தில் வெப்பத்துக்கும் ஒரு சோதனை உண்டு. 40 டிகிரி தண்ணீர், உடனே 5 டிகிரி, மறுபடி 40 டிகிரி. அவ்வளவுதான். 40 டிகிரி என்பது குளிக்கும் வெந்நீர். அம்மாவின் எண்ணெய் அண்டாவில் கை வைத்தால் எனக்குப் பொறுக்காது. கடலின் ஆழத்தை யோசித்தவர்கள் கேன்டீன் அண்டாவை யோசிக்கவில்லை.

நூலில் அளந்த மணிக்கட்டு

ஆன்லைனில் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தேன். எல்லோரும் புகழும் வாட்ச். 44 மில்லிமீட்டர் டயல். வாங்கும் முன், அம்மா தூங்கிக்கொண்டிருந்தபோது மணிக்கட்டில் தையல் நூலைச் சுற்றி அளந்தேன். 15 சென்டிமீட்டர்கூட இல்லை. சோப்பில் ஊறி ஊறி விரல் இடுக்கெல்லாம் வெளுத்திருந்தது. அவ்வளவு கிட்டத்தில் அம்மாவின் கையைப் பார்த்து எத்தனை வருடம் ஆகியிருக்கும்!

டயலின் அகலத்தைவிட, மேல் ஸ்ட்ராப் கம்பியிலிருந்து கீழ் ஸ்ட்ராப் கம்பி வரையுள்ள நீளம்தான் முக்கியம். அது மணிக்கட்டின் அகலத்தைத் தாண்டினால் வாட்ச் எடுப்பாக நிற்காது. எங்கே போனாலும் இடிக்கும். சின்னக் கைக்கு 36 முதல் 38 மில்லிமீட்டருக்குள் இருப்பது நல்லது. ஆனால், அந்த அளவில் டைவ் வாட்ச் தேடினால் கடையில் பாதி மாடல்கள் காணாமல் போய்விடுகின்றன.

இரண்டு வாரம் தேடி ஒன்றை முடிவு செய்தேன். பிராண்ட் பெயரைச் சொல்லப்போவதில்லை. என்ன பார்த்து வாங்கினேன் என்று மட்டும் சொல்கிறேன். டயலில் 'டைவர்ஸ் 200 மீட்டர்' என்று இருந்தது. திருகி இறுக்கும் சாவி. ஸ்டீல் கேஸ். தோல் வேண்டாம், ஊறி நாறிவிடும். சங்கிலி வேண்டாம், இடுக்கில் சோப்பு சேரும். அதனால் ரப்பர் ஸ்ட்ராப். பேட்டரியில் ஓடுவது. தானாகச் சாவி ஏறும் ஆட்டோமேட்டிக் வாட்ச்சுக்குத் தனி அழகு உண்டு. ஆனால், அது ஒரு நாளைக்குச் சில விநாடிகளாவது முன்பின் ஆகும். பேட்டரி வாட்ச் ஒரு மாதத்துக்கே அவ்வளவுதான் பிசகும். 3 மணி பஸ்ஸைப் பிடிப்பவருக்கு அழகைவிட மணி முக்கியம்.

முட்கள் இருட்டில் ஒளிர்ந்தன. நாம் இன்னும் 'ரேடியம் முள்' என்றுதான் சொல்கிறோம். ஒரு காலத்தில் உண்மையாகவே ரேடியத்தைத்தான் பூசினார்கள். நூறு வருடத்துக்கு முன் அமெரிக்காவில் அந்தப் பூச்சு வேலை செய்த பெண்கள் பிரஷ் முனையை உதட்டில் வைத்துக் கூராக்கி, நோயில் விழுந்து இறந்திருக்கிறார்கள். இன்றைய பூச்சில் கதிர்வீச்சு இல்லை. வெளிச்சத்தை வாங்கி வைத்துக்கொண்டு இருட்டில் விடுகிறது.

விலை எட்டாயிரத்துச் சொச்சம். என் பட்ஜெட்டுக்கு அதிகம்தான். ஆனால், முதல் வாட்ச்சுக்குக் கொடுத்த காசு தண்ணீரில் போனதை நினைத்துக்கொண்டேன்.

"இது கையில கட்டுறதா, சுவத்துல மாட்டுறதா?"

அதுதான் பெட்டியைத் திறந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி. தங்கச் சங்கிலிக்குப் பழகிய கண்ணுக்கு இந்தக் கறுப்பு ரப்பர் பிடிக்கவில்லை. "ஆம்பள வாட்ச் மாதிரி இருக்குது. இன்னா வெல?"

"ரெண்டாயிரம்மா."

"பொய் சொல்லாத."

விலையைச் சொன்னேன். திட்டினார். திருப்பிக் கொடுத்துவிட்டு வரச் சொன்னார். அப்போதுதான் நான் இத்தனை மாதம் சொல்லாததைச் சொன்னேன். "அன்னிக்கு பஸ் போனது என்னாலதாம்மா. அந்த வாட்ச் தண்ணிக்கு ஆகாதது. எனக்குத் தெரியாம வாங்கிட்டேன்."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கையை நீட்டினார்.

சுடுதண்ணீர் விஷயத்தையும் மறைக்காமல் சொன்னேன். எண்ணெய் அண்டா கழுவும்போது மட்டும் கழற்றி வைத்துவிட வேண்டும் என்றேன். "கழட்டி எங்க வெக்கிறது? அங்க வெச்சா அடுத்த நிமிஷம் காணாமப் போயிடும்" என்றவர், ஒரு வழியை அவரே கண்டுபிடித்தார். யூனிஃபார்ம் கோட்டின் முழுக்கைக்கு மேல், மணிக்கட்டிலிருந்து நன்றாக மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டார். ரப்பர் ஸ்ட்ராப் நீளமாக இருந்ததால் சரியாக இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. கடலுக்குள் போகிறவர்களும் அப்படித்தான் கட்டுவார்கள், நீச்சல் உடைக்கு மேல். ஸ்ட்ராப்பை நீளமாக வைத்திருப்பதே அதற்குத்தான்.

"இந்த வளையம் எதுக்கு சுத்துது?"

அதையும் சொல்லிக் கொடுத்தேன். வளையத்தில் இருக்கும் முக்கோணத்தை நிமிட முள்ளுக்கு நேராகத் திருப்பி வைத்தால், அதிலிருந்து எத்தனை நிமிடம் ஆகியிருக்கிறது என்று அப்படியே படிக்கலாம். தண்ணீருக்குள் எவ்வளவு நேரம் ஆயிற்று, சிலிண்டரில் எவ்வளவு காற்று மீதியிருக்கும் என்று கணக்குப் பார்க்க அது. அம்மா இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "ஒரு பக்கம்தான் போகுது, ரிப்பேரா?"

"ரிப்பேர் இல்லம்மா. இடப்பக்கம் மட்டும்தான் சுத்தணும். தண்ணிக்குள்ள எதுலயாவது இடிச்சு வளையம் நகர்ந்துட்டாகூட, அதிக நேரம் ஆயிட்ட மாதிரிதான் காட்டும். நேரம் இன்னும் இருக்குதுன்னு தப்பாக் காட்டாது. அவங்க கொஞ்சம் முன்னாடியே மேல வந்துடுவாங்க. உயிருக்கு ஒண்ணும் ஆகாது."

அம்மா எங்கள் வீட்டுச் சுவர்க்கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார். "நம்ம கடியாரம் மாதிரி" என்றார்.

எங்கள் வீட்டுக் கடிகாரம் எப்போதும் பத்து நிமிடம் ஃபாஸ்ட். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான். ஸ்கூல் பஸ், டிப்ளமோ வகுப்புக்கான ரயில், இன்டர்வியூ என எதையும் நான் தவறவிட்டதில்லை. கடிகாரம் தப்பு என்று தெரிந்தும் பரபரவென்று கிளம்பியிருக்கிறேன். தவறினால் எந்தப் பக்கம் தவற வேண்டும் என்று அம்மாவுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது.

புது வாட்ச்சில் மணியையும் பத்து நிமிடம் முன்னால் தள்ளித்தான் வைத்துக்கொண்டார்.

இப்போது ஐந்து மாதம் ஆகிறது. தினமும் வேலை முடிந்ததும் பச்சைத் தண்ணீரில் ஒரு முறை அலசித் துடைத்துவிடுகிறார். கண்ணாடிக்குள் ஆவி இல்லை. பேட்டரி மாற்றும் நாளில் ரப்பர் வளையத்தையும் மாற்ற வேண்டும் என்று என் போனில் குறித்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வளையத்தைத் திருப்பி வைத்து இட்லிக்குப் பன்னிரண்டு நிமிடம் கணக்குப் பார்க்கிறார்.

யாருக்காவது வாட்ச் பரிசளிக்க நினைத்தால், டயலில் போட்டிருக்கும் மீட்டரை மட்டும் பார்க்காதீர்கள். அதைக் கட்டப்போகும் கை நாள் முழுக்க என்ன செய்கிறது என்று ஒரு நாள் பாருங்கள். முதல் தடவை நான் செய்யாமல் விட்டது அதைத்தான்.

போன வாரம் அம்மாவின் கேன்டீன் தோழி ஒருவரை நெடுஞ்சாலை பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். ஒன்றாம் வகுப்புக் குழந்தையின் அம்மா. கூடவே அந்தக் குட்டியும் இருந்தாள்.

"உங்கம்மா வாட்ச் பத்து நிமிஷம் ஃபாஸ்ட்டுன்னு எங்க எல்லாருக்கும் தெரியும்" என்று சிரித்தார். "ஆனா அவங்க மணி சொன்னா கழிச்சுப் பாக்க மாட்டோம். அப்படியே கிளம்பிடுவோம்."